நெருக்கத்தின் நாட்களில் நம்பிக்கை: கிறிஸ்தவப் பெண்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று யாராவது கேட்டால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிற பெண்கள் எத்தனையோ பேர். வீட்டில் ஒரு மரணம் நடந்து சில மாதம்கூட ஆகியிருக்காது. கணவருக்கு வேலை போயிருக்கும். கரு கலைந்திருக்கும், அதை வெளியே சொல்லவும் முடியாது. ஆனாலும் அந்தப் பதில் மட்டும் மாறாது. அழுதால் விசுவாசம் குறைந்தவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்தோடு இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேதாகமத்தில் ஆறுதல் பெற்ற பெண்களை வரிசையாகப் பாருங்கள். ஒருத்தியும் கண்ணீரை மறைத்து அதைப் பெறவில்லை. அன்னாள், ஆகார், நகோமி, மார்த்தாள், மரியாள் எல்லாருமே மனதில் இருந்ததை அப்படியே கொட்டினார்கள். அதற்காக ஆண்டவர் ஒருவரையும் தள்ளிவிடவில்லை.

கீழே உள்ள படிகளை வரிசையாகத்தான் பின்பற்ற வேண்டும் என்பதில்லை. உங்களுக்கு எது அவசரமோ அங்கிருந்து தொடங்குங்கள். வீட்டில் அடி உதை இருந்தால், அல்லது செத்துப்போகலாம் என்ற எண்ணம் வந்துகொண்டிருந்தால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு ஐந்தாம் படிக்குப் போய்விடுங்கள்.

படி 1: உள்ளதை உள்ளபடி கர்த்தரிடம் சொல்லுங்கள்

1 சாமுவேல் முதல் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். அன்னாளுக்குக் குழந்தை இல்லை. பெனின்னாள் அதைச் சொல்லிச் சொல்லியே வருஷந்தோறும் அவளைக் குத்துகிறாள். கணவன் எல்க்கானா நல்லவன்தான், ஆனால் "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கேட்கிறான். அன்பாகத்தான் கேட்கிறான், ஆனால் அவளுடைய வலி அவனுக்குப் பிடிபடவில்லை. கடைசியில் ஆலயத்துக்குப் போனால், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. அதைப் பார்த்து ஆசாரியனாகிய ஏலியே அவள் குடித்திருக்கிறாள் என்று நினைக்கிறான். வீட்டிலும் புரிந்துகொள்ளவில்லை, கோயிலிலும் புரிந்துகொள்ளவில்லை.

அவள் ஏலிக்குச் சொன்ன பதில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். "நான் மனக்கிலேசமுள்ள ஸ்திரீ... நான் கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்கிறாள். சமாளிக்கவில்லை, "ஒன்றுமில்லை ஐயா" என்று ஒதுங்கவும் இல்லை. அதற்குப் பிறகு அவள் போய்ச் சாப்பிட்டாள், அவளுடைய முகம் துக்கமாக இருக்கவில்லை என்று 18ஆம் வசனம் சொல்கிறது. அப்போது சாமுவேல் கருவில்கூட இல்லை. பதில் வருவதற்கு முன்பே மனது லேசாகிவிட்டது. ஊற்றிவிட்டதால் வந்த ஆறுதல் அது.

இதை நீங்களும் செய்யலாம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் 13ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். முதல் இரண்டும் முறையீடு: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அடுத்த இரண்டும் விண்ணப்பம். கடைசி இரண்டும், ஒன்றும் மாறாத நிலையிலேயே, அவருடைய கிருபையைப் பற்றிக்கொள்வது. ஒரு தாளில் இதே வரிசையில் உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள். "எதுவரைக்கும்" என்று தொடங்கி, நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள். கடன் என்றால் கடன். துரோகம் என்றால் துரோகம். கர்த்தர்மேலேயே கோபம் என்றால் அதையும் எழுதுங்கள். கணவனையும் இரண்டு மகன்களையும் இழந்த நகோமி "சர்வவல்லவர் எனக்கு மிகுந்த கசப்பைக் கட்டளையிட்டார்" என்று ஊரார் முன்னாலேயே சொன்னாள்.

கடைசி இரண்டு வசனத்துக்கு வர முடியவில்லையா? முறையீட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பரவாயில்லை. 88ஆம் சங்கீதம் இருட்டிலேதான் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது. வார்த்தையே வராத நாட்களும் இருக்கும். அந்த நாட்களுக்காகவே ரோமர் 8:26 இருக்கிறது: நமக்கு வேண்டிக்கொள்ளத் தெரியாதபோது, ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார். சும்மா அவர் முன்னால் உட்கார்ந்திருந்தாலும் அது ஜெபம்தான்.

படி 2: உடம்பை விட்டுவிடாதீர்கள்

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே" என்று சாவை வேண்டிக்கொண்டபோது, தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் செய்யவில்லை. தூங்க விட்டான். எழுப்பினான். அப்பமும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடி தூங்க விட்டு, மறுபடி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான் (1 இராஜாக்கள் 19). ஓரேப் மலையில் கர்த்தர் பேசியது அதற்கு அப்புறம்தான்.

துக்கத்தில் இருக்கிற பெண் வீட்டில் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுத் தான் சாப்பிடாமல் படுப்பது சர்வசாதாரணம். அதை ஆவிக்குரிய தியாகம் என்று எண்ண வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், மாத்திரை இருந்தால் போடுங்கள், முடிந்த அளவு தூங்குங்கள். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மார்களும் மற்றவர்கள் செய்கிறார்களே என்று உபவாசத்தில் இறங்கவேண்டிய அவசியமில்லை.

மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். எதிலும் நாட்டமில்லை, தூக்கம் கெட்டுவிட்டது, பசியே இல்லை என்பதெல்லாம் அதோடு சேர்ந்து வரலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வும் அப்படித்தான். அது வியாதி, நல்ல தாய் இல்லை என்பதற்கு அடையாளம் அல்ல. சிகிச்சை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்ததை நினைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷம் பெரும்பாடுள்ள (நிற்காத இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ வைத்தியர்களிடம் போய்த் தன் ஆஸ்தியையெல்லாம் செலவழித்தவள். நீ ஏன் வைத்தியரிடம் போனாய் என்று இயேசு அவளைக் கேட்கவில்லை. கூட்டத்தின் நடுவே அவளை "மகளே" என்று அழைத்தார்.

படி 3: ஒரு வசனம் போதும், ஆனால் அதை அதன் இடத்திலேயே வாசியுங்கள்

கஷ்டம் என்று தெரிந்ததும் போனில் வசனங்கள் வந்து குவியும். அனுப்புகிறவர்கள் அன்பில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் பாதி வசனம் சில நேரம் பாரத்தைக் கூட்டிவிடும்.

எரேமியா 29:11 எல்லாருக்கும் மனப்பாடம். "நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அந்த வாக்கு, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் என்கிறது. அதற்கும் முன்னால், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள் என்று இருக்கிறது. அடுத்த மாதமே எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வசனம் சொல்லவில்லை. சரியாகாத இடத்திலும் கர்த்தர் உங்களை மறக்கவில்லை, அங்கேயே வாழத் தொடங்கலாம் என்கிறது. நீண்ட நாள் காத்திருப்பவளுக்கு இதுதான் பெரிய ஆறுதல்.

"தாங்க முடியாததைக் கர்த்தர் தரமாட்டார்" என்று சொல்வதும் அப்படியே. 1 கொரிந்தியர் 10:13 சோதனையில் விழாமல் தப்பிக்கும் வழியைப் பற்றியது. துன்பத்தைப் பற்றிப் பவுலே பேசும்போது, "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம்" உண்டாயிற்று என்று எழுதினார் (2 கொரிந்தியர் 1:8). அதனால் உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை. அப்போஸ்தலனுக்கும் தாங்க முடியவில்லை.

எனவே, ஒரு வாரத்துக்கு ஒரு பகுதியை மட்டும் எடுங்கள். முழு அதிகாரத்தையும் தினமும் வாசித்து, உங்களைத் தொட்ட ஒரு வரியைக் கையால் எழுதி, அடிக்கடி கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். வேறொன்றும் செய்ய வேண்டாம். அன்பானவரை இழந்தவர்கள் யோவான் 11-ஐ எடுக்கலாம். கைவிடப்பட்டவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள் ஆதியாகமம் 16, 21 இரண்டிலும் ஆகாரைப் பாருங்கள். துருத்தியில் தண்ணீர் தீர்ந்துபோய், பிள்ளை சாவதைப் பார்க்கமாட்டேன் என்று அம்பு பாயும் தூரத்தில் உட்கார்ந்து அழுதவள் அவள். கர்த்தர் அவளுடைய கண்களைத் திறந்தபோது தண்ணீர்த் துரவு அங்கே இருந்தது. பிள்ளை வழிமாறிப் போனதென்றால் லூக்கா 15. பழைய பாவம் குத்திக்கொண்டே இருந்தால் சங்கீதம் 51. வயதாகித் தனியாக இருப்பவர்களுக்கு ஏசாயா 46:4: "நரைவயதுமட்டும் நான் உங்களைத் தாங்குவேன்."

எதுவுமே மனதில் ஒட்டவில்லை என்றால் புலம்பல் 3. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதற்குச் சில வசனங்களுக்கு முன்னால், என் நம்பிக்கை அழிந்துபோயிற்று என்று அதே மனிதன் சொல்கிறான். அழிந்த எருசலேமின் நடுவிலிருந்து வந்த வார்த்தை அது. அதனால்தான் அதை நம்பலாம்.

படி 4: ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள்

இயேசுவின் தாயாகிய மரியாளுக்குத் தேவதூதன் செய்தி சொன்னதும் அவள் மலைநாட்டுக்கு விரைந்துபோய் எலிசபெத்தின் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினாள். தேவதூதனே நேரில் வந்து பேசியவளுக்கும் ஒரு பெரியவளின் துணை தேவைப்பட்டது.

யாரிடம் சொல்வது என்பதில் ஜாக்கிரதையாக இருங்கள். இதை வெளிப்படையாகச் சொல்லித்தான் ஆக வேண்டும்: பல சபைகளில் "ஜெபக்குறிப்பு" என்ற பெயரில் ஒரு பெண்ணின் வீட்டு விஷயம் ஊர் முழுக்கப் போய்விடுகிறது. நீங்கள் தேர்ந்தெடுக்கிறவர் மற்றவர்களுடைய விஷயத்தை உங்களிடம் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அடுத்தவளுடைய ரகசியத்தை உங்களிடம் சொல்கிறவர், உங்களுடையதையும் இன்னொருவரிடம் சொல்லுவார். கேட்டதும் புத்தி சொல்ல ஆரம்பிக்காதவராகவும் அவர் இருந்தால் நல்லது. சொல்லும்போது "இது உங்களோடு இருக்கட்டும், குழுவில் போட வேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

ஜெபத்தோடு நிறுத்தாமல், என்ன உதவி வேண்டும் என்றும் சொல்லுங்கள். தீர்க்கதரிசி எலிசாவிடம் வந்த விதவையை நினைத்துப் பாருங்கள் (2 இராஜாக்கள் 4). கணவன் கடன் வைத்துவிட்டு இறந்துபோனான், கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். எலிசா கேட்ட கேள்வி, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" ஒரு குடம் எண்ணெய். அக்கம்பக்கத்தாரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னான். அந்த அற்புதத்துக்காக அவள் ஒவ்வொரு வாசலாகப் போய் நிற்க வேண்டியிருந்தது. எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியைக்கொண்டு பிழைக்கச் சொன்னான். கடன் பிரச்சினையில் இருப்பவர்கள் முதலில் ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு, என்ன வட்டி, வீட்டில் இருப்பது என்ன என்று எழுதி, கணக்குத் தெரிந்த நம்பகமானவரோடு உட்காருங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் வட்டி மட்டும்தான் வளரும்.

சபையிடம் உதவி கேட்பது பிச்சை அல்ல. அப்போஸ்தலர் 6-இல், தினசரி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டுப்போனார்கள் என்று கிரேக்க மொழி பேசினவர்கள் முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை. ஏழு பேரை நியமித்து ஒழுங்கு பண்ணினார்கள்.

படி 5: ஆபத்தில் இருந்தால் முதலில் வெளியே வாருங்கள்

அடிக்கிற, மிரட்டுகிற, பணத்தையும் போனையும் பறித்து அடைத்துவைக்கிற வீட்டில் "ஜெபித்துப் பொறுத்துக்கொள்" என்பது சரியான ஆலோசனை அல்ல. தாவீது சவுலின் ஈட்டிக்குத் தப்பி ஓடினான். பவுலைக் கூடையில் வைத்து மதில் வழியாக இறக்கிவிட்டார்கள். தம்மேல் கல்லெறிய வந்தபோது இயேசுவும் மறைந்து விலகிப்போனார். முரடனான நாபாலின் மனைவி அபிகாயில், அவனுக்குச் சொல்லாமலே கிளம்பிப்போய்த் தன் வீட்டாரின் உயிரைக் காப்பாற்றினாள். வேதம் அவளைப் புத்திசாலி என்கிறது. கீழ்ப்படிதல் வசனத்தைச் சொல்லி உங்களை அடக்கப் பார்க்கிறவர்கள், "புருஷர்களே, உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள், அவர்கள்மேல் கசந்துகொள்ளாதிருங்கள்" என்ற கொலோசெயர் 3:19-ஐயும் வாசிக்கட்டும்.

அடையாள ஆவணங்கள், வங்கிப் புத்தகம், பிள்ளைகளின் சான்றிதழ்கள், மருந்து, கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் சட்டென்று எடுக்கிற மாதிரி ஒரே இடத்தில் வையுங்கள், அல்லது நம்பிக்கையானவர் வீட்டில் கொடுத்துவையுங்கள். இரண்டு போன் எண்களை மனப்பாடம் செய்யுங்கள். காயம் பட்டிருந்தால் மருத்துவமனையில் நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். காவல்துறையையும் பெண்கள் உதவி மையத்தையும் நாடுவது சாட்சியைக் கெடுக்காது. சாட்சியைக் கெடுத்தது அடித்த கை. இரண்டு பேரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று போதகர் அழைத்தால், அடிக்குப் பயந்த நிலையில் உண்மையைப் பேச முடியாது என்று சொல்லிவிடுங்கள். மன்னிப்பது வேறு, திரும்பிப் போய் அதே கைக்குக் கீழே இருப்பது வேறு.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள், தனியாக இருக்காதீர்கள், அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ அழையுங்கள். எலியாவும் மோசேயும் யோனாவும் சாவைக் கேட்டவர்கள்தான். கர்த்தர் ஒருவரையும் வெறுக்கவில்லை, உங்களையும் வெறுக்கமாட்டார்.

படி 6: பதில் தெரியாமலே அடுத்த வேலையைச் செய்யுங்கள்

வாரத்தின் முதல் நாள் அதிகாலையில் சுகந்தவர்க்கங்களோடு கல்லறைக்குப் புறப்பட்ட பெண்கள் வழியில் பேசிக்கொண்டது, "நமக்காக எவன் கல்லைப் புரட்டித்தள்ளுவான்?" என்பதுதான் (மாற்கு 16:3). கல் மிகவும் பெரியது. யார் புரட்டுவார் என்று தெரியாது. ஆனாலும் நடந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது அன்பும், அன்றைக்குச் செய்யவேண்டிய ஒரு வேலையும் மட்டும். நம்பிக்கை உணர்ச்சியாக வரும்வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கு ஒரு வேலை: பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது, ஒரு விண்ணப்பத்தை நிரப்புவது, குளித்துத் துணி மாற்றுவது. சில நாட்களில் அவ்வளவுதான் முடியும்.

கிறிஸ்தவ நம்பிக்கையின் அஸ்திவாரம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நம் நிலைமை மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பில் அது நிற்கவில்லை. இயேசு மரித்து எழுந்தார் என்பதில் நிற்கிறது. அவர் உயிரோடு எழுந்ததை முதலில் கண்டவர்களும், அழுதுகொண்டு போன பெண்கள்தான். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது துக்கப்படாதிருங்கள் என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். அதனால் அழலாம்.

படி 7: கேட்டது கிடைக்காதபோது

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு இப்படி ஒரு வழிகாட்டி எழுதுவது நியாயமாக இருக்காது. எல்லா வியாதியும் குணமாவதில்லை, எல்லாக் குடும்பமும் ஒன்றுசேர்வதில்லை.

லாசரு இறந்து நான்கு நாளான பிறகு இயேசு வருகிறார். மார்த்தாள் எதிர்கொண்டு போய், "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்கிறாள். பிறகு அவளுடைய சகோதரி மரியாள் வந்து பாதத்தில் விழுந்து அதே வார்த்தையைச் சொல்கிறாள். மார்த்தாளிடம் அவர் பேசினார்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." மரியாளிடம் விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணீர் விட்டார். சில நிமிஷத்தில் லாசருவை எழுப்பப் போகிறவர் அவர், ஆனாலும் அவளோடு சேர்ந்து அழுதார். ஒருத்திக்கு வார்த்தை தேவைப்பட்டது, இன்னொருத்திக்கு அழுகிறவர் தேவைப்பட்டார். உங்களுக்கு எது தேவையோ அதை அவரிடம் கேளுங்கள். ஏன் தாமதித்தீர் என்று கேட்டதற்காக இரண்டு சகோதரிகளில் ஒருவரும் திட்டு வாங்கவில்லை.

பவுல் மூன்று தரம் வேண்டியும், தன் சரீரத்தில் இருக்கிற "முள்" என்று அவர் சொன்ன வேதனை நீங்கவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. அநாதைப் பிள்ளைகளுக்குத் தாயாக வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் 1931-இல் விழுந்து காயப்பட்டு, 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். சுகம் முழுமையாகத் திரும்பவில்லை. அந்த அறையிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களின் வாழ்க்கையைச் சாட்சிக் கூட்டங்களில் குறைவாகத்தான் சொல்கிறோம், அது எனக்குக் குறையாகவே படுகிறது. சுகம் கிடைத்த கதைகளை மட்டுமே கேட்கிற பெண், தனக்குக் கிடைக்காதபோது தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று முடிவு கட்டிவிடுகிறாள். பிறவிக்குருடனைப் பார்த்து யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு.

படி 8: கொஞ்சம் நிமிர்ந்த பிறகு, பக்கத்தில் இருப்பவளுக்கு

இதற்கு அவசரமே இல்லை. காயம் ஆறுவதற்கு முன்பே உங்களை மேடையேற்றிச் சாட்சி சொல்லச் சொன்னால் "இப்போது வேண்டாம்" என்று சொல்லலாம்.

தயாரானபோது, யோபுவின் சிநேகிதர்கள் முதல் ஏழு நாள் செய்ததைச் செய்யுங்கள்: பேசாமல் கூட உட்கார்ந்தார்கள். அவர்கள் கெடுத்துக்கொண்டது வாயைத் திறந்த பிறகுதான். "கர்த்தருக்கு இதில் ஒரு நோக்கம் இருக்கும்", "இன்னொரு பிள்ளை பிறக்கும்", "அவளுக்கு வந்ததைப் பார்த்தால் உனக்கு வந்தது பரவாயில்லை" போன்ற பேச்சுகளை விட்டுவிடுங்கள். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதும் அவ்வளவாக உதவாது. துக்கத்தில் இருப்பவளுக்கு யோசித்துக் கேட்கத் தெம்பு இருக்காது. "நாளைக்குப் பிள்ளைகளை நான் பார்த்துக்கிறேன், நீங்க தூங்குங்க" என்று சொல்லுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்த்தால் அவர் மறக்கப்பட்டுவிட்டார் என்ற வலி வரும். முதல் வாரம் வீடு நிறைய ஆள் இருக்கும், அதனால் நீங்கள் இரண்டாம் மாதம் போங்கள். இறந்த நாள், கல்யாண நாள், கலைந்துபோன குழந்தை பிறந்திருக்கவேண்டிய தேதி எல்லாவற்றையும் உங்கள் காலண்டரில் குறித்துவைத்து, அன்றைக்கு மறக்காமல் ஒரு போன் பண்ணுங்கள்.